மாங், ஷியா: பார்வையில்லாதவரைச் சீனத்தில் எப்படிச் சொல்வது?

மார்ச் 2, 2025. திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"பனியன் ஏற்றுமதி வேலையாக அடிக்கடி குவாங்சோ போய்வருகிறேன். சீனம் கொஞ்சம் பேசுவேன். பார்வையில்லாதவரை அங்கே 'மாங்ரென்' என்கிறார்கள். படங்களில் சண்டை வந்தால் 'ஷியாஸ' என்று கத்துகிறார்கள். அகராதி இரண்டுக்குமே 'குருடர்' என்கிறது. நேரில் ஒருவரிடம் 'மாங்' என்று சொன்னால் அவர் மனம் புண்படுமா? அந்த எழுத்துக்கே 'செத்த கண்' என்றுதான் அர்த்தம் என்று ஒரு காணொளியில் வேறு பார்த்தேன்."

மார்ச் 2, 2025, இரவு

மாங்ரென் சொல்லலாம், ஷியாஸ வேண்டாம்.

பள்ளிப் பெயர், செய்தித்தாள், அரசு ஆவணம், கடைப் பலகை எதிலும் இருப்பது 'மாங்'தான். நாம் 'பார்வையற்றவர்' என்று எழுதுகிற இடத்தில் அவர்கள் இதை எழுதுகிறார்கள். 'ஷியா' வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொல். "பாட்டிக்கு ஒரு கண் ஷியா ஆகிவிட்டது" என்று பேச்சுவாக்கில் சொன்னால் அதில் வசை இல்லை. அதையே ஆளுக்குப் பெயராக ஒட்டினால் வசை. நீங்கள் படத்தில் கேட்டது பெரும்பாலும் "நீ ஷியா லே மா?" என்பதாக இருக்கும். நம் ஊரில் இடித்துவிட்டுப் போகிறவனைப் பார்த்து "கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்துவார்களே, அச்சு அசல் அதுதான்.

மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு: 'ஷிமிங்'. 'மிங்' என்றால் ஒளி, 'ஷி' என்றால் இழத்தல். முன்பு பார்வை இருந்து பிறகு போனவர்களுக்கு இதைச் சொல்வார்கள். மருத்துவர் வீட்டாரிடம் சொல்லும்போதும் வாழ்க்கை வரலாறு எழுதும்போதும் இதுதான் வரும்.

மார்ச் 3, 2025

'செத்த கண்' விஷயம். காணொளிக்காரர்கள் இந்த மாதிரி எழுத்தைப் பிரித்துக் கதை சொல்வதை நான் நம்புவதில்லை. மாங் எழுத்தில் கீழே 'கண்' இருக்கிறது, மேலே 'வாங்' என்ற எழுத்து. அந்த வாங்குக்கு ஓடிப்போதல், இழத்தல், இறத்தல் எல்லாமே பொருள். ஆனால் அது அங்கே முதலில் உட்கார்ந்திருப்பது ஒலிக்காக. இன்றைய மாண்டரினில், அதாவது பொதுச் சீனத்தில், வாங், மாங் என்று பிரிந்துவிட்டதால் இது தெரிவதில்லை. குவாங்சோவில் அந்தப் பக்கத்து மொழியான கான்டனீஸ் பேசுபவரிடம் கேளுங்கள்: மேலே இருக்கும் அந்த வாங் எழுத்தை 'மோங்' என்பார். பழைய 'ம' அங்கே இன்னும் இருக்கிறது.

பொருளும் கொஞ்சம் சேர்ந்துதான் வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த எழுத்தகராதி மாங்குக்குத் தரும் விளக்கம் 'கண்ணில் பாவை இல்லாமை', அவ்வளவே. செத்தது கித்தது என்று எதுவும் இல்லை. அதே 'வாங்'கின் கீழே கண்ணுக்குப் பதில் இதயத்தைப் போட்டால் 'மறத்தல்'. இதயத்தைப் பக்கத்தில் வைத்தால் 'வேலை மும்முரம்', அதற்கும் ஒலி மாங்தான். மும்முரமாக இருப்பவரை 'செத்த இதயம்' என்று யாரும் திட்டுவதில்லை.

மார்ச் 5, 2025

நேரில் சொன்னால் புண்படுமா என்றீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

குவாங்சோவில் சோங்தா துணிச் சந்தைப் பக்கம் சில வருடம் இருந்தேன். ஜிப், பட்டன், லேபிள் பார்த்து வாங்கி அனுப்பும் வேலை. நாளெல்லாம் குனிந்து துணியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். சந்துக்குள் 'மாங்ரென் ஆன்மோ' என்று பலகை வைத்த கடை ஒன்று இருந்தது. பார்வையில்லாதவர்கள் உடம்பு பிடித்துவிடும் கடை. சீனாவில் எந்த ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். எனக்குப் பிடித்துவிட்டவர் ஹுனான்காரர். 'ஷிஃபு' என்றுதான் கூப்பிட வேண்டும், நாம் மேஸ்திரியையோ ஆசாரியையோ மரியாதையாகக் கூப்பிடுவது போல. கண்ணைப் பற்றிய எந்தச் சொல்லும் விளிக்கும்போது வராது.

அவர்களுக்குள் பேசும்போது 'மாங்' சகஜமாக வரும். "நான் ச்சுவான்மாங், அவன் பான்மாங்" என்பார். முழுக்கத் தெரியாதவர், பாதி தெரிபவர் என்று பொருள். கடையில் இதற்குப் பயன் உண்டு. பாதி தெரிபவர் கல்லாவையும் பார்த்துக்கொள்வார், வாசலில் வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தையும் வாங்கி வைப்பார்.

நான் வெகு ஜாக்கிரதையாக 'பார்' என்ற வினையே வராமல் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே, "நேற்று மேட்ச் பார்த்தீர்களா? நான் முழுசாகப் பார்த்தேன்" என்றார். 'கான்' என்ற சாதாரண வினை. "நீங்கள் எதற்கு அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள்? நான் டிவி பார்க்கிறேன், படம் பார்க்கிறேன், வேறு என்ன சொல்வது?" என்று சிரித்தார். அவருடைய போன் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்கொண்டே போகும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு அசை கூடப் பிடிபடவில்லை. அவர் ஒரு கையால் என் தோளை அழுத்தியபடி மறு கையால் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கோபம் வந்தது 'மாங்' என்ற சொல்லால் அல்ல. ஒரு வாடிக்கையாளர், "உங்களுக்கெல்லாம் கை உணர்வு பிறவியிலேயே அதிகம்" என்று பாராட்டினாராம். "அப்போது நான் வருஷக்கணக்காக எலும்பு, நரம்பு எல்லாம் மனப்பாடம் பண்ணியது எந்தக் கணக்கில்?" என்றார்.

மார்ச் 6, 2025

விட்டுப்போன ஒன்று. நம்மைப் போலக் கண் தெரிந்தவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மிங்யென்ரென்', ஒளிக்கண்காரர். ஊர் வழக்கில் இதே சொல்லுக்கு 'விவரம் புரிந்தவர்' என்று அர்த்தம். "மிங்யென்ரென் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்" என்று பத்திரிகையில் எழுதுவார்கள். அந்தக் கடையில் அதற்கு இந்த மேன்மை கிடையாது. "நீங்கள் மிங்யென்ரென், லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள்.

மார்ச் 9, 2025

மதுரையிலிருந்து ஒருவர், "சொல் மரியாதையானது என்கிறீர்கள், அப்புறம் எழுதப் படிக்கத் தெரியாதவனை ஏன் மாங் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்.

வென் என்றால் எழுத்து. 'வென்மாங்' என்றால் எழுத்தறியாதவர். சட்டம் தெரியாதவர் 'ஃபாமாங்', அறிவியல் தெரியாதவர் 'கெமாங்'. 1949-இல் மக்கள் குடியரசு அமைந்தபோது அங்கே ஏறக்குறைய 80 சதவீதம் பேர் எழுத்தறியாதவர்கள். 1950-களில் ஊர் ஊராக இரவுப் பள்ளி நடத்தினார்கள். அந்த இயக்கத்தின் பெயர் 'சாவ்மாங்', மாங்கைப் பெருக்கித் தள்ளுவது. துடைப்பத்தால் பெருக்குவதற்கும் அதே வினைதான்.

இப்போது எழுத்தைத் திருப்பிப் போடுங்கள். 'வென்மாங்' எழுத்தறியாதவர். 'மாங்வென்' என்றால் பிரெயில், பார்வையில்லாதவர்கள் விரலால் படிக்கும் எழுத்து. அதே இரண்டு எழுத்து, முன்பின் மாறியிருக்கிறது. ஹுனான் ஷிஃபு பிரெயிலில் நாவல் படிப்பவர். அவரை எந்தக் கணக்கிலும் வென்மாங் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு முறையும் 'கண் தெரியாதவன் அறிவில்லாதவன்' என்று ஓர் எண்ணம் கூடவே நுழைந்துவிடுகிறது. எனக்கு ஷியாஸவைவிட இதுதான் உறுத்துகிறது. ஷியாஸ என்றால் திட்டு என்று எல்லோருக்கும் தெரியும், கேட்டால் யாராவது தடுப்பார்கள். வென்மாங் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இது உண்டு. "கண்ணுடையர் என்பவர் கற்றோர் முகத்திரண்டு புண்ணுடையர் கல்லா தவர்" என்று குறள் சொல்கிறது. கல்வியின் அருமைக்காகச் சொன்னது, தெரியும். இருந்தாலும் பார்வையில்லாத பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை நடத்தும் ஆசிரியர் ஒரு நிமிடம் நின்று பேசத்தான் வேண்டும்.

மார்ச் 10, 2025

மாங் ஒட்டிக்கொண்ட இன்னும் சில சொற்கள், கேட்டவர்களுக்காக.

மாங்லியு: 'குருட்டு ஓட்டம்'. 1953-இல் கிராமத்து மக்கள் 'கண்மூடித்தனமாக' நகரத்துக்கு வருவதைத் தடுக்கச் சொல்லி அரசு ஆணை வந்தது. அதிலிருந்து பிறந்த பெயர் இது. வேலை தேடி வந்த ஏழைகளின் மேல் வெகுகாலம் ஒட்டியிருந்தது. திருப்பிச் சொன்னால் 'லியுமாங்', அதற்கு ரவுடி என்று பொருள். எழுத்து வேறுதான், ஆனால் காதில் விழுகிறபோது யார் எழுத்தைப் பார்க்கிறார்கள்? இன்று இந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்தது. போனதே நல்லது.

மாங்ஹ: உள்ளே என்ன பொம்மை என்று தெரியாமல் வாங்கும் பெட்டி. பிள்ளைகள் இதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள். 2023-இல் வந்த நெறிமுறைப்படி 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது.

மாங்தா: விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்வது. இந்த வரிசையில் எனக்குப் பிடித்த சொல் இது. மாங் இங்கே குறையைச் சொல்லவில்லை, பழகிய விரலின் திறமையைச் சொல்கிறது.

லியென்மாங்: முகம் நினைவில் நிற்காதவர். நான் நிச்சயமாக அந்த ரகம்.

மார்ச் 14, 2025

மாங்கும் ஷியாவும் ஒரே வரியில் வரும் பழைய உதாரணம் உண்டா என்று கேட்டவருக்கு: இருக்கிறது, அதைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

5-ஆம் நூற்றாண்டில் லியு யிச்சிங் பெயரில் தொகுத்த 'ஷிஷுவோ ஷின்யூ' என்ற நூலில் வருகிறது. பெரிய மனிதர்கள் சிலர் கூடி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். 'ஆபத்து' என்பதற்கு ஆளுக்கொரு வரி சொல்ல வேண்டும். ஒருவர் ஈட்டி முனையில் அரிசி களைந்து வாள் முனையில் சோறாக்குவது என்கிறார். யின் சோங்கான் என்ற ஆளுநர், நூறு வயதுக் கிழவர் காய்ந்த கிளையைப் பிடித்துத் தொங்குவது என்கிறார். ஓவியர் கு கைஷி, கிணற்று உருளையின் மேல் படுத்திருக்கும் கைக்குழந்தை என்கிறார். அப்போது ஆளுநரின் கீழ் வேலை பார்க்கும் ஒருவர் குறுக்கே புகுந்து, "மாங் மனிதன் ஷியா குதிரையில், நள்ளிரவில் ஆழமான குளத்தின் விளிம்பில்" என்கிறார்.

ஆளுநர் பதறிப்போய், "இது ஆளை நெருக்குகிறதே!" என்கிறார். நூல் ஒரே வரியில் காரணம் சொல்கிறது: யின் சோங்கானுக்கு ஒரு கண் தெரியாது.

1,600 வருடத்துக்கு முன்பே மனிதனுக்கு மாங், குதிரைக்கு ஷியா. வரியின் அழகுக்காகச் சொல்லை மாற்றியிருக்கலாம், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் எனக்கு முக்கியம் ஆளுநரின் அந்தக் குரல். அறையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நினைக்காமல் உவமை சொன்னார்கள், அது அவர் மேல் பட்டது, அவர் வாய்விட்டுச் சொன்னார், அதை எழுதியும் வைத்தார்கள். அவர் சொன்ன 'துவோதுவோ பீரென்' இன்றும் அன்றாடப் பழமொழி, அடக்குமுறையாகப் பேசுகிறவரைப் பற்றிச் சொல்வது. சொல்கிற யாருக்கும் அந்தக் கண் ஞாபகம் இல்லை.

சிதம்பரம் வாசகர் ஒருவர் உடனே "குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவிழு மாறே" என்ற திருமந்திர வரியை அனுப்பியிருக்கிறார். குதிரை இல்லை, குளத்துக்குப் பதில் குழி. நல்ல நினைவு, ஐயா.

மார்ச் 16, 2025

பழைய நூல் என்று ஆரம்பித்தாயிற்று, 'கூ' பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது மூன்றாவது எழுத்து: மேலே முரசு, கீழே கண். முரசுக்கும் 'கூ' என்றே ஒலி. பார்வையில்லாத இசைவாணருக்கு இதுதான் பெயர். பண்டைய சோவ் அரசவையின் அதிகாரிகளைப் பட்டியலிடும் 'சோவ் லி' நூலில் இப்படிப்பட்டவர்கள் மூன்று தரமாக 40, 100, 160 என்று மொத்தம் 300 பேர். கூடவே அவர்களுக்குத் துணையாகக் கண் தெரிந்தவர்கள் 300 பேர். ஆளுக்கு ஒருவர்! இன்று எந்த அலுவலகம் இப்படிக் கணக்குப் போடுகிறது?

கன்ஃபூசியஸ் இவர்களிடம் நடந்துகொண்ட விதம் அவருடைய வாசகங்களைத் தொகுத்த 'லுன்யூ'வில் இருக்கிறது. மியென் என்ற இசை ஆசிரியர் அவரைப் பார்க்க வருகிறார். படிக்கட்டு வந்ததும் கன்ஃபூசியஸ் "படி" என்கிறார். பாய் அருகே வந்ததும் "பாய்" என்கிறார். எல்லோரும் உட்கார்ந்ததும், "இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார்" என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். அவர் போன பிறகு ஒரு மாணவர், "இசை ஆசிரியரிடம் இப்படித்தான் பேச வேண்டுமா?" என்று கேட்க, "ஆமாம், இதுதான் முறை" என்கிறார். பார்வையில்லாதவர் தன்னைவிட இளையவராக இருந்தாலும் கன்ஃபூசியஸ் எழுந்து நிற்பார் என்று இன்னோர் இடத்தில் வருகிறது.

மார்ச் 17, 2025

இரண்டு பேர் ஒரே நேரத்தில் மடக்கியிருக்கிறார்கள்: அதே நூலில், எதிரே இருப்பவர் முகக்குறிப்பைப் பார்க்காமல் பேசுவதை 'கூ' என்று கன்ஃபூசியஸ் குறை சொல்கிறாரே என்று. உண்மை, 16-ஆம் பகுதியில் வருகிறது. மரியாதைக்கு எழுந்து நின்ற அதே மனிதர் அதே சொல்லைக் குற்றத்துக்கும் பெயராக வைத்திருக்கிறார். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஒருவர் எதிரே வந்தால் "படி" என்று சொல்லும் நல்ல மனம், அவர் இல்லாதபோது உவமை தேடினால் அவரையே எடுத்துக்கொள்கிறது. நாமும் 'குருட்டு நம்பிக்கை', 'குருட்டாம்போக்கு' என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். 'மூடநம்பிக்கை', 'எழுந்தமானம்' என்று எழுதினால் பொருள் ஒன்றும் குறையாது. நான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, 2025

பிரெயில் பற்றி விரிவாகக் கேட்டிருந்தீர்கள். இன்றைய சீன பிரெயிலை 1952-இல் உருவாக்கியவர் ஹுவாங் நாய். 1911 புரட்சித் தலைவர்களில் ஒருவரான ஹுவாங் ஷிங்கின் மகன், இவருக்கே பார்வை கிடையாது. அதில் சீன எழுத்துரு எதுவும் இல்லை. மாண்டரின் அசையின் முதல் ஒலிக்கு ஒரு புள்ளிக் கட்டம், மீதி ஒலிக்கு ஒரு கட்டம், தேவைப்பட்டால் தொனிக்கு, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்துக்கு, ஒரு கட்டம். 2018 ஜூலை 1 முதல் தொனியை எழுதுவதற்கு நாடு முழுக்க ஒரே முறை வந்தது.

மார்ச் 3 குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள். கண்ணின் மேல் 'இழத்தல்' இருக்கிறது என்ற கதையெல்லாம் அச்செழுத்தைப் பார்ப்பவருக்கு மட்டும். பிரெயிலில் படிப்பவரின் விரலுக்கு 'ம', 'ஆங்', ஏறு தொனி, அவ்வளவுதான். வேலை மும்முரத்துக்கும் அதே புள்ளிகள். அடுத்த சொல்லை வைத்து எது என்று தெரிந்துகொள்வார்கள்.

2014-இல்தான் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்குப் பிரெயில் வினாத்தாள் வந்தது. அதற்கு முன் பார்வையில்லாத மாணவர்களுக்குச் சில கல்லூரிகளின் தனித் தேர்வு இருந்தது. அதில் முக்கியமாகக் கிடைத்தவை அக்குபஞ்சர், உடம்பு பிடித்துவிடுதல், இசை. ஹுனான் ஷிஃபுவுக்கு வரலாறு படிக்க ஆசை. அவர் படித்த காலத்தில் அந்தக் கதவு இல்லை.

மார்ச் 24, 2025

இசைக்கலைஞர் ஆபிங்கின் பெயரோடு ஷியாஸ வருகிறதே என்று கேட்டவருக்கு: ஆமாம், அவரை இன்றும் 'ஷியாஸ ஆபிங்' என்கிறார்கள். வுஷி ஊரின் தெருக்களில் அர்ஹு என்ற இரண்டு தந்தி வாத்தியம் வாசித்தவர், இயற்பெயர் ஹுவா யென்சுன். 1950-இல் இசை ஆய்வாளர்கள் யாங் யின்லியுவும் சாவ் ஆன்ஹேயும் வந்து ஆறு உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். இன்று சீனர்கள் எல்லோருக்கும் தெரிந்த இசை அது. அன்போடு சொல்கிற பெயர் என்பதை ஒப்புக்கொள்கிறேன், நம் ஊரிலும் குறையை வைத்துச் செல்லப்பெயர் உண்டு. ஆனால் நான் எழுதினால் ஹுவா யென்சுன் என்றே எழுதுவேன். ஹாங்காங்கில் நான்யாம் என்ற கான்டனீஸ் கதைப்பாட்டு பாடிய தோவ் வன்னும் பார்வையில்லாதவர்தான், 1975-இல் ஒரு தேநீர்க்கடையில் அவர் பாடியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அவரை எல்லோரும் தோவ் வன் என்றே சொல்கிறார்கள், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மார்ச் 25, 2025

பினாங்கு வாசகருக்கு: நீங்கள் பசாரில் கேட்கும் 'சே மே' ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி, பார்வையில்லாமை என்று பொருள். அதில் இரண்டாவது அசை இதே மாங்தான்.

ஏப்ரல் 1, 2025

'மாங்தாவ்' என்றால் என்ன என்றார் ஒருவர். நடைபாதையில் மஞ்சளாக வரி வரியாக, புள்ளி புள்ளியாகப் பதித்திருக்கும் ஓடு. நீள வரி 'நேரே போ', புள்ளி 'நில், திரும்பு'. ஜப்பானில் மியாகே செய்இச்சி கண்டுபிடித்து 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதித்தது. குவாங்சோவில் எங்கும் இருக்கிறது, அதன் மேல் எங்கும் சைக்கிள் நிற்கிறது. ஷிஃபு அதில் நடப்பதில்லை. "சுவரோரமாகப் போவேன், சுவரை யாரும் நகர்த்த மாட்டார்கள்" என்றார்.

ஏப்ரல் 6, 2025

திருப்பூர் நண்பர் கடைசியாக, "ரோட்டைக் கடக்க நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம், நான் போய் என்ன சொல்வது?" என்று கேட்டிருக்கிறார். "ஷூயாவ் பாங்மாங் மா?" உதவி வேண்டுமா, அவ்வளவுதான். யாரிடமும் கேட்கும் கேள்வி. பதறாதீர்கள், இதில் வரும் மாங் வேலை மும்முரத்தின் மாங். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். கைத்தடியைத் தொடவே வேண்டாம்.

குவாங்சோ பக்கத்து ஊரான ஃபோஷான் போனால் 'மாங்கோங் பிங்' என்ற பிஸ்கட் வாங்கலாமா என்பதும் அவர் கேள்வி. 'பார்வையில்லாத தாத்தா பிஸ்கட்' என்று பொருள். 200 வருடத்துக்கு முன் அங்கே ஜோசியம் பார்த்த ஒருவரின் வீட்டில் செய்து விற்றார்கள், வாங்க வந்தவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அரிசி மாவு, வேர்க்கடலை, எள் எல்லாம் சேர்த்து மொறுமொறுவென்று இருக்கும். ஆனால் பழைய செய்முறையில் நடுவே பன்றிக்கொழுப்பு வைப்பார்கள். வீட்டில் சைவம் என்றால் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.